கையுறையின் பெறுமதி

மனிதன் தனக்குப் பயன்படாத பொருளை விலைகொடுத்து வாங்குவது புதிய செய்தியன்று. ஆயினும், தொட முடியாத, அணிய முடியாத, குளிருக்கும் உதவாத ஒரு சோடிக் கையுறையை ஆயிரக்கணக்கான டொலர் கொடுத்து ஒருவன் வாங்குகின்றான் என்றால், அதனைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கிவிடுமுன் சற்று நின்று சிந்திப்பது சமுதாய நோக்குடையோரின் கடமையாகும்.

'கவுண்டர் ஸ்ட்ரைக்' என்னும் கணினித் துப்பாக்கி விளையாட்டில் இக்கையுறைகள் 2016 நவம்பரில் வந்து சேர்ந்தன. துப்பாக்கிகளுக்கு நிறமும் சித்திரமும் ஏற்றி விற்கும் வழக்கத்தை அவ்விளையாட்டை ஆக்கிய அமெரிக்கக் கம்பனியான வால்வ் 2013 ஆகஸ்டிலேயே தொடக்கிவிட்டது. 'ஸ்கின்' என்று விளையாடுவோர் வழங்கும் இம்மேற்பூச்சு குறியைக் கூர்மையாக்குவதில்லை, ஓட்டத்தை விரைவுபடுத்துவதுமில்லை. கண்ணுக்கு அழகு, அவ்வளவே.

இவ்வாட்டத்தின் உள்ளமைப்பில் ஒரு வியப்பு உண்டு. ஐவர் ஐவராக இரு அணிகள் மோதும் போட்டியில் ஒவ்வொருவனும் 800 டொலர் ஆட்டப்பணத்துடனேயே தொடங்குகின்றான். கோடீசுவரனின் மகனுக்கும் 800. கூலியாளின் மகனுக்கும் 800. ஆயுதம் வாங்கும் பணத்தை அதன்பின் அவரவர் ஆட்டமே ஈட்டித்தர வேண்டும். வெளியுலகில் எந்த நாட்டிலும் காணாத இத்தொடக்கச் சமத்துவமே இவ்விளையாட்டின் கவர்ச்சியில் பாதி என்பேன். "நாங்கள் வெற்றியை விற்கவில்லை, அலங்காரத்தை மட்டுமே விற்கிறோம்" என்று இதனை ஆதரிப்போர் வாதிடுவர். வாதம் உண்மையே. ஆனால் களத்தின் வாயிலில் நிறுத்தப்பட்ட ஏற்றத்தாழ்வு, கையுறையாக உருமாறி உள்ளே நுழைந்துவிடுகிறது என்பதும் உண்மையே.

பகட்டுக்காகச் செலவிடுதல் பற்றி வெப்லென் 1899இல் எழுதினார். அவரது விளக்கம் இங்கு முழுமையாகப் பொருந்தாது. இவ்விளையாட்டில் ஆடுபவன் உலகைத் தன் கண்ணாலேயே பார்க்கின்றான். திரையின் கீழே எப்போதும் தெரிவன அவனுடைய இரு கைகளே. எதிரி அவற்றை ஆற அமரப் பார்க்கப் போவதில்லை. சுடுவதற்கே அவனுக்கு நேரம் போதாது. வீழ்ந்துவிட்ட தோழன் எஞ்சியிருப்பவனின் கண்வழியே ஆட்டத்தைப் பார்க்கும்போதுதான் அக்கையுறை பிறர் பார்வைக்கு வருகிறது. ஆகவே இதில் பகட்டும் உண்டு. தான் நாள்தோறும் மணிக்கணக்காக நோக்கும் ஒன்று அழகாயிருக்க வேண்டும் என்ற நேர்மையான ஆசையும் உண்டு. அந்த ஆசையை நான் எள்ளமாட்டேன். உழவன் தன் மாட்டின் கொம்புக்கு வர்ணம் தீட்டுகிறான். வர்ணம் தீட்டிய கொம்பால் ஏர் ஆழமாக உழுவதில்லை.

ஆனால் கொம்பின் வர்ணத்தை அயலவனும் தீட்டிக்கொள்ளலாம். கையுறையின் கதை வேறு. ஒருமுறை வரைந்துவிட்ட உருவத்தை இலட்சம் பேருக்குக் கொடுப்பதற்குக் கம்பனிக்கு மேலதிக உழைப்பு ஏதும் வேண்டியதில்லை. அருமை இயற்கையால் வந்ததன்று, கட்டளையால் வந்தது. பூட்டிய பெட்டி ஒன்றைத் தருகிறார்கள். அதன் திறப்பின் விலை 2.49 டொலர். உள்ளே என்ன இருக்கும் என்பது திறந்த பின்னரே தெரியும். சீன அரசின் விதியினால் 2017இல் அந்நாட்டில் வெளியிடப்பட்ட கணக்கின்படி, கத்தி அல்லது கையுறை கிடைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 0.26, அதாவது ஏறக்குறைய 385 பெட்டிக்கு ஒன்று. திறப்புகளுக்கு மட்டுமே 950 டொலருக்கு மேல் சராசரியாகச் செலவாகும். கிடைக்கும் கையுறையும் விரும்பிய கையுறையாக இராது. முதன்முதல் வந்த கையுறைப் பெட்டியில் 24 வகைகள் இருந்தன. போதாக்குறைக்குப் 'புத்தம் புதியது' முதல் 'போரில் சிதைந்தது' வரை ஐந்து தரங்கள் வேறு. எத்தனை ஆண்டு ஆடினாலும் அக்கையுறை தேயாது. ஆனால் பிறக்கும்போதே கிழிந்து பிறக்கலாம்! உழைப்பின் தழும்பைக்கூட உழைப்பின்றி வார்த்துத் தரும் வணிகம் இது.

மேல்வகுப்பு மாணவன் ஒருவன் இதுபற்றி என்னோடு வாதாடினான். "நான் பெட்டி திறப்பதில்லை, சேர், அது லொத்தர். சந்தையில் விலை தெரிந்து, பொருள் தெரிந்து வாங்குகிறேன். இதில் என்ன பிழை?" என்பது அவன் கேள்வி. கூரிய கேள்வி. தன் காசைத் தான் விரும்பியவாறு செலவிட எவனுக்கும் உரிமையுண்டு என்று நாம் ஒப்புக்கொண்டாலும் கேள்வி தீர்ந்துவிடாது. அவன் வாங்கிய கையுறை எங்கிருந்து வந்தது? யாரோ ஒருவன் திறந்த பெட்டியிலிருந்து. அவ்வொருவனுக்குக் கிடைப்பதற்காக ஏறத்தாழ 384 திறப்புகள் வேறு கைகளில் வீணாகியிருக்கும். அக்கைகளில் பல, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கைகள். சந்தையில் உயர்ந்த விலை நிற்பதனாலேயே பெட்டி திறப்பவனுக்கு நப்பாசை பிறக்கிறது. அவ்விலையை நிறுத்துபவன் விலைகொடுத்து வாங்குபவனே. அவன் சூதாடவில்லை என்பது சரி. சூதில் வைக்கும் பரிசுக்குப் பெறுமதி கொடுப்பவன் அவன் என்பதும் சரி. கம்பனியின் சொந்தச் சந்தையில் நடைபெறும் ஒவ்வொரு கைமாற்றத்திலும் நூற்றுக்கு 15 வீதம் அதன் கல்லாவுக்குப் போகிறது என்பதையும் கூட்டிக்கொள்க. பழியின் பெரும்பகுதி பெட்டியைப் பூட்டியவனுக்கே உரியது. எனினும் வாங்குபவனின் பங்கு சூனியமென்று அந்த மாணவனிடம் என்னால் கூற முடியவில்லை.

பண்டங்களுக்கிடையிலான உறவுபோலத் தோன்றுவது உண்மையில் மனிதருக்கிடையிலான உறவே என்று மார்க்ஸ் 1867இல் 'மூலதனம்' நூலில் காட்டினார். அதற்கு 2025 ஒக்டோபர் 22ஆந் திகதி தந்த உதாரணத்தைவிடத் தெளிவானது அரிது. அன்று கம்பனி ஒரு விதியை மாற்றியது: உயர்ந்த சிவப்புத் தரத்து ஆயுத ஸ்கின்கள் ஐந்தைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம். கையுறைகளின் விலை சரிந்தது. சிவப்புத் தரத்தவற்றின் விலை பன்மடங்கு ஏறியது. முழுச் சந்தையின் மதிப்பில் ஏறத்தாழ 200 கோடி டொலர் ஓரிரு நாளில் மறைந்ததாகச் செய்திகள் கூறின. கையுறையில் ஓர் இழைகூட மாறவில்லை. நேற்றைய அழகு இன்றும் அப்படியே இருந்தது. அழகுக்காகவே வாங்கினேன் என்றவன் அன்று கலங்கியிருக்கத் தேவையில்லை. ஆனால் கலங்கியோர் பலர். தாம் வாங்கியது எதனை என்பதை அவர்களுக்கு அந்த இரவே சொல்லிக்கொடுத்தது. முறையிடவும் இடமில்லை. உடன்படிக்கையின்படி அவர்களுக்குக் கிடைத்தது உடைமையன்று, பாவனைக்கான அனுமதியே.

சட்டம் இதில் எவ்வளவு தூரம் சென்றுள்ளது? பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் இவ்விளையாட்டின் பெட்டிகள் சூதாட்டமே எனத் தீர்மானித்தது. நெதர்லாந்தும் அதே ஆண்டு இத்தகைய பெட்டிகளுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தது. இரு நாடுகளிலும் உள்ளோர் பெட்டியைத் திறக்க முடியாதவாறு கம்பனி வழியை அடைத்தது. ஆனால் சந்தை அடைபடவில்லை. பிரசெல்ஸ் நகரத்து இளைஞன் ஒருவன் பெட்டி திறக்க இயலாது. வேறொரு நாட்டுச் சிறுவன் திறந்த பெட்டியிலிருந்து வந்த கையுறையை அவன் விலைக்கு வாங்கிக்கொள்ளலாம்.