செய்யாத வேலைக்கு வாங்கிய காசு

கடைக்காரர் ஒருவர் ஒரு சாமானை விற்கும்போது, இன்ன வேலையைச் செய்து தருகிறேன் என்று வாக்களித்து, அதற்கும் சேர்த்தே விலை பேசி, பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு, அந்த வேலையைச் செய்யாமலேயே சாமானைக் கொடுத்துவிட்டால் அதற்கு என்ன பெயர்? மறதியா? வாக்குத் தவறுதலா? அல்லது எடைக் குறைவா? நம்மில் பலர், "வாக்குத் தவறிவிட்டார், என்ன செய்வது?" என்று சொல்லி, அதனை மன்னிக்கத்தக்க சில்லறைக் குற்றங்களோடு சேர்த்துவிடுவார்கள். அப்படிச் சேர்ப்பது தவறு என்பதே நமது அபிப்பிராயம். அதனை விளக்குவதற்குப் பழைய மோட்டார் கார் வியாபாரத்தைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தென்படவில்லை.

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது விலை. அடுத்துக் கேட்பது, "சர்வீஸ் செய்து தருவீர்களா?" என்பது. "எல்லாம் செய்து, கழுவித் துடைத்து, புதுமாப்பிள்ளை போல நிறுத்தித் தருகிறோம்" என்பார் விற்பவர். கழுவுவதும் துடைப்பதும் தவறாமல் நடந்துவிடும். ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியும் வேலை. எஞ்சின் எண்ணெயை மாற்றினாரா, அதன் வடிகட்டியை மாற்றினாரா, பிரேக் எண்ணெயை மாற்றினாரா, ரேடியேட்டரில் ஊற்றியிருப்பது குளிர்விக்கும் திரவமா குழாய்த் தண்ணீரா என்பதையெல்லாம் வாங்குகிறவர் எப்படி அறிவார்? மூடியைத் திறந்து பார்த்தாலும் நம்மில் பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்காது. கண்ணாடியின் மூலையில் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கர்தான் சாட்சி. அதில் தேதியும் கிலோமீட்டரும் எழுதியிருக்கும். எழுதுவதற்கு ஒரு பேனா போதுமே!

நமது தொழிலில் உள்ள ஒரு சகோதரருக்கு நேர்ந்ததைச் சொல்லுகிறோம். மளிகைக் கடை வைத்திருப்பவர். மகள் கல்லூரிக்குப் போய்வருவதற்காக எட்டு வயதான கார் ஒன்றைத் தவணையில் வாங்கினார். 96,000 கிலோமீட்டர் ஓடியிருந்த கார். முழு சர்வீஸும் செய்து, டைமிங் பெல்ட்டையும் மாற்றித் தருவதாகப் பேச்சு. அதற்காகவே, பேரத்தில் கடைசியாகக் கேட்ட 800 வெள்ளிக் குறைப்பை அவர் விட்டுக்கொடுத்தார். இது மிக முக்கியமான விஷயம். வாசகர்கள் இதனை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். ஸ்டிக்கரோடு கார் வீட்டுக்கு வந்தது. மூன்றாவது வாரம் ஒரு டயர் விஷயமாகத் தமக்குப் பழக்கமான பட்டறைக்குப் போனார். அங்கிருந்த போர்மேன் எண்ணெய்க் கம்பியை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது கோப்பி ஓவா, மின்யாக் ஈத்தாமா?" என்று கேட்டாராம். வடிகட்டி துருப்பிடித்திருந்தது. காற்று வடிகட்டியில் காய்ந்த இலை. ரேடியேட்டரில் செம்மண் நிறத்தில் தண்ணீர். டைமிங் பெல்ட்டின் மூடியைக் கழற்றினால், பெல்ட் முழுவதும் வெடிப்பு வெடிப்பாக இருந்தது.

டைமிங் பெல்ட் என்பது எல்லாக் கார்களிலும் இல்லை. சிலவற்றில் அதற்குப் பதில் சங்கிலி இருக்கும். பெல்ட் உள்ள கார்களில் பெரும்பாலும் 100,000 கிலோமீட்டர் சுமாரில் அதனை மாற்றச் சொல்லுகிறார்கள். ஓட்டம் குறைவாயிருந்தாலும் ஆண்டுக் கணக்கில் பழசாகிவிட்டால் மாற்றத்தான் வேண்டும். அது முன்னதாகச் சத்தம் போட்டு நமக்கு அறிவிப்பதில்லை. அறுகிற நிமிடம்தான் அறிவிப்பு. அறுந்தால், பல எஞ்சின்களில் மேலே வரும் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். சில நூறு வெள்ளியில் தீர வேண்டிய காரியம் எஞ்சினையே கழற்றுவதில் போய் முடியும். நெடுஞ்சாலையில் நடுத்தடத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதைப் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு நாம் விவரிக்க வேண்டுவதில்லை. பிரேக் எண்ணெயும் அப்படியே. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுடையது. ஈரம் ஏற ஏற, சீக்கிரம் கொதித்துவிடும். கெந்திங் மலையிலிருந்து பிரேக்கை மிதித்தபடியே இறங்குகிறவனுக்கு எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டினால், மிதித்த மிதி அடிவரை போகும், வண்டி நிற்காது.

சகோதரர் விற்றவரிடம் போனார். விற்றவர் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு சமாதானங்களைச் சொன்னார். அவற்றை நாம் சிறிது ஆராய்ந்து பார்ப்பது நல்லது. ஏனெனில் அவை அவருடைய சமாதானங்கள் மட்டுமல்ல. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எவர் வாயிலும் சுலபமாக வரக்கூடியவை.

"பாய், கார் ஓடுகிறதா இல்லையா?" என்றார் முதலில். ஓடுகிறது, உண்மைதான். வெடித்த பெல்ட்டும் அறுகிற வரையில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். "புஸ்பாகோம் சோதனையில் தேறிய வண்டி" என்றார் அடுத்தபடியாக. பெயர் மாற்றத்திற்குச் செய்யும் அந்தச் சோதனையில் எஞ்சின் எண், சேஸிஸ் எண் முதலியவை சரிதானா, வண்டி சாலைக்கு ஏற்றதுதானா என்று பார்ப்பார்கள். விற்றவர் எண்ணெய் மாற்றுவதாகச் சொன்னாரா, மாற்றினாரா என்று பார்ப்பது அவர்கள் வேலையல்ல.

மூன்றாவது சமாதானம்தான் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது. "நான் பட்டறைக்கு அனுப்பினேன், காசும் கொடுத்தேன், பட்டறைப் பையன் ஏமாற்றிவிட்டான், நான் என்ன செய்வேன்?" என்றார். இது உண்மையாகவே இருக்கலாம். அவர் பொய் சொல்லுகிறார் என்று சொல்ல நமக்கு ஆதாரமில்லை. ஆனால் வாங்கியவருக்கும் அந்தப் பட்டறைக்கும் என்ன சம்பந்தம்? அவர் பட்டறையின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நமது கடைக்கு மொத்த வியாபாரி அனுப்பிய 10 கிலோ அரிசிப் பையில் ஒன்பதரைக் கிலோதான் இருந்தது என்று வையுங்கள். வாடிக்கைக்கார அம்மாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்தால், "மொத்த வியாபாரியிடம் போய்க் கேள் அம்மா" என்று சொல்லுவோமா? அரைக் கிலோவை நாம் கொடுத்துவிட்டு, மொத்த வியாபாரியோடு நாம் மல்லுக்கட்டுவோம். நடுவில் நிற்பதற்காகத்தானே லாபம் எடுக்கிறோம்? லாபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பொறுப்பைப் பின்னால் தள்ளிவிடுவது எந்தக் கணக்கில் சேரும்? அந்தப் பட்டறைப் பையனைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே நாளில் எத்தனை வண்டிகளை அவன் தலையில் கட்டினார்கள், பெல்ட் வாங்கக் காசு கொடுத்தார்களா, ஸ்டிக்கர் மட்டும் ஒட்டச் சொன்னார்களா என்பதை எவரும் விசாரிக்கவில்லை. பழியைப் போட எப்போதும் ஒரு பையன் கிடைத்துவிடுகிறான்.

நான்காவதாக அவர் எடுத்துப் போட்டது ஒரு தாள். "உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது, எந்தக் குறைக்கும் பொறுப்பல்ல" என்று அதில் அச்சடித்திருந்தது. கீழே நமது சகோதரரின் கையெழுத்து.

இந்த மாதிரி நிபந்தனை புதிதல்ல. நம் பிக்ஹு நூல்களில் நெடுங்காலமாகப் பேசப்பட்டதுதான். ஹனபி மத்ஹபில், எல்லாக் குறைகளுக்கும் பொறுப்பு நீங்கியவனாக விற்கலாம் என்ற நிபந்தனை செல்லும். ஷாபிஈ மத்ஹபில் பெரும்பாலும் செல்லாது. பிராணிகளை விற்கும்போது, விற்பவனுக்கே தெரியாத உள்குறைக்கு மட்டும் இடம் கொடுக்கிறார்கள். நம் மக்களில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இரண்டையும் சொன்னோம். விவரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்க. ஆனால் தெரிந்த குறையை மறைத்து விற்பதற்கு எந்த மத்ஹபிலும் இடமில்லை. தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கைவிட்டுப் பார்த்த சம்பவத்தை அறியாத வியாபாரி நம்மில் இல்லை. இமாம் கஸ்ஸாலி அவர்கள் தமது இஹ்யாவில் ஜவுளி வியாபாரியையே பிடித்துக்கொண்டு, துணியின் நல்ல பக்கத்தை மட்டும் விரித்துக் காட்டுவதையும், மங்கலான இடத்தில் வைத்துக் காட்டுவதையும் மோசடியோடு சேர்க்கிறார்கள். பளபளவென்று கழுவிய காருக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை.

தவிரவும், அந்தத் தாள் குறைகளைப் பற்றியது. சர்வீஸ் செய்யாதது காரின் குறையல்ல. அது விற்ற சரக்கில் ஒரு பகுதி. காசு வாங்கிக்கொண்டு கொடுக்காமல் வைத்துக்கொண்ட பகுதி. 800 வெள்ளிக் குறைப்பை விட்டுக்கொடுத்ததை நினைவில் வைக்கச் சொன்னோமல்லவா? அந்தப் பணத்திற்கு எதிரே தராசுத் தட்டில் வைக்கவேண்டிய பொருள் வைக்கப்படவில்லை. ஆகவேதான் இதனை எடைக் குறைவு என்கிறோம். நம் கடைத் தராசையாவது அதிகாரிகள் சோதித்து முத்திரை வைக்கிறார்கள். சர்வீஸ் என்ற சரக்கை நிறுப்பதற்குத் தராசும் இல்லை, முத்திரையும் இல்லை. விற்பவனுடைய மனசாட்சி ஒன்றுதான் உண்டு. நிறுக்க முடியாத சரக்கில் குறைப்பது, நிறுக்கக்கூடிய சரக்கில் குறைப்பதைவிடக் கேவலமானது என்றே நாம் கருதுகிறோம்.

இனி வாங்கியவர் பக்கம் வருவோம். அவருக்கும் கடமைகள் உண்டு. அவருக்கு ஆலோசனை சொன்னவர்களுக்குக் குறைவில்லை. "பொறுமையாக இருந்துவிடுங்கள், அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்றார் ஒருவர். தம்முடைய காசை ஒருவர் மன்னித்துவிடலாம், அது பெருந்தன்மை. ஆனால் அந்தக் காரில் போகும் மகளின் உயிரையும், எதிரே வரும் மோட்டார் சைக்கிள்காரனின் உயிரையும் மன்னித்துவிட இவருக்கு என்ன உரிமை? மன்னிப்பதானால் முதலில் பெல்ட்டை மாற்றிவிட்டு மன்னிக்கட்டும். "வங்கித் தவணையை நிறுத்துங்கள்" என்றார் இன்னொருவர். வங்கி சர்வீஸ் செய்து தருவதாக வாக்களிக்கவில்லை. தவணை நின்றால் காரை இழுத்துப் போவதற்கு அவர்களுக்குச் சட்டம் உண்டு. வாட்ஸ்அப் குழுக்களில் கடையின் பெயரைப் போட்டு நாறடிக்கச் சொன்னவரும் உண்டு. ஒருவரிடம் நேரில் கேட்டு, அவர் மறுக்கிறாரா என்று பார்ப்பதற்கு முன்பே அவருடைய பிழைப்பில் கைவைப்பது நியாயமாகாது.

எல்லாவற்றிலும் மோசமான ஆலோசனை நெருங்கிய உறவினர் ஒருவரிடமிருந்து வந்தது. "ஒன்றும் பேசாமல் வேறு ஆளிடம் தள்ளிவிடுங்கள் மச்சான். ஸ்டிக்கர்தான் இருக்கிறதே!" என்றார் அவர். அப்படிச் செய்தால் இவருக்கும் அந்தக் கார்க்கடைக்காரருக்கும் என்ன வித்தியாசம்? அவராவது பையன் ஏமாற்றினான் என்று சொல்லலாம். இவர் தெரிந்தே விற்றவராகிவிடுவார்.

நாம் சொன்னது வேறு. குறை தெரிந்த அன்றே காரை ஓட்டாமல் நிறுத்துவது, போர்மேனிடம் விவரமாக எழுதி வாங்குவது, படம் பிடிப்பது, விற்றவருக்கு எழுத்தில் தெரிவித்து, ஒன்று வேலையைச் செய்து கொடுங்கள், அல்லது செலவைக் கொடுங்கள் என்று ஒரு தவணை வைத்துக் கேட்பது, கழற்றிய பழைய பெல்ட்டை எறியாமல் வைத்திருப்பது. ஓட்டாமல் நிறுத்தச் சொன்னது பயத்தினால் மட்டுமல்ல. குறை தெரிந்தும் பொருளைப் பயன்படுத்திக்கொண்டே இருந்தால் குறையை ஏற்றுக்கொண்டதாகத்தான் ஆகும். ஷாபிஈ மத்ஹபில் பொருளைத் திருப்பும் உரிமைக்குத் தாமதமே ஆகாது. சகோதரர் எழுதிய பட்டியலில் இரண்டு டயர்களும் ஒரு பக்கக் கண்ணாடியும் சேர்ந்திருந்தன. அவை தேய்ந்தும் உடைந்தும் இருந்ததை அவர் வாங்கும்போதே பார்த்தவர். "இவற்றை அடித்துவிடுங்கள்" என்றோம். முகம் சுளித்தார், பிறகு அடித்தார். நியாயம் கேட்கப் போகிறவன் ஒரு வெள்ளி கூடுதலாகக் கேட்டாலும் அதற்குப் பெயர் நியாயமல்லவே.

கேட்டும் பலிக்காவிட்டால் வழி இருக்கிறது. மலேசியாவில் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் நடுவர் மன்றம் ஒன்று உண்டு. 2019 முதல் 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை அது விசாரிக்கிறது. மனுச் செய்யக் கட்டணம் 5 வெள்ளி. வக்கீல் வைக்க வேண்டியதில்லை. அந்தச் சட்டம் கொடுக்கும் உரிமைகளை ஒரு கையெழுத்துத் தாளைக் காட்டிப் பறித்துவிட முடியாது. ஆனால் அது வீட்டு உபயோகத்திற்கு வாங்குகிறவர்களுக்கான சட்டம். கடைச் சரக்கு ஏற்ற லாரி வாங்குவோர் அதனை நம்பியிருக்க வேண்டாம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள சட்டம் இன்னும் பலமானது. பொருள் கைக்கு வந்த 6 மாதத்திற்குள் வெளிப்படும் குறை கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படியில்லை என்று காட்டவேண்டியவர் விற்றவர்தான். பழைய கார்களும் இதில் அடங்கும்.

சகோதரர் விஷயத்தில், கார்க்கடைக்காரர் முதலில் எண்ணெய்ச் செலவை மட்டும் தருவதாகச் சொன்னார். இவர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளியைக் கட்டினார். விசாரணைத் தேதிக்கு முன்பே அவர் கூப்பிட்டு, பெல்ட், பிரேக் உட்பட முழுச் செலவையும் கொடுத்து முடித்துக்கொண்டார். சலாம் சொல்லிப் பிரிந்தார்கள் என்று கேள்விப்பட்டோம். நல்லது.

எனினும், கார்க்கடைக்காரரைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு நம் கடைகளைப் பற்றி ஒன்றும் எழுதாவிட்டால் பேனாவே கோபித்துக்கொள்ளும். "வீட்டில் கொண்டுவந்து பொருத்தித் தருகிறோம்" என்று விற்கும் மின்விசிறி, "ஓரம் அடித்துத் தருகிறோம்" என்று விற்கும் கைலி, "கழுவிச் சுத்தம் செய்தது" என்று விற்கும் மசாலைச் சாமான் ஆகியவற்றிலெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்று விலையில் சேர்ந்திருக்கிறது. அந்த வேலை நடந்ததா என்று கேட்கிற வாடிக்கைக்காரர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

நமக்குத் தெரிந்த வேறொரு பழைய கார் வியாபாரி ஒரு முறை வைத்திருக்கிறார். காரோடு ஒரு தாள் கொடுக்கிறார். இடப் பக்கத்தில் செய்த வேலைகள், பட்டறை ரசீது எண்களோடு. வலப் பக்கத்தில் செய்யாத வேலைகள்: "கியர் எண்ணெய் மாற்றவில்லை, பின் பிரேக் பார்க்கவில்லை" என்று அவரே எழுதியிருப்பார். வலப் பக்கத்தைப் பார்த்துவிட்டுப் பலர் எழுந்து போய்விடுகிறார்களாம். அதனால் மற்றக் கடைகளைவிட அவர் கடையில் கார்கள் சில வாரங்கள் கூடுதலாகவே நிற்கின்றன. இதனைச் சொன்னவரும் அவர்தான்.