பபுள் ராப் பூதம்

கூரியரில் பார்சல் வந்தால், உங்கள் வீட்டுக் குழந்தை முதலில் எதைக் கையில் எடுக்கும்? உள்ளே இருக்கும் பொருளையா? அதுதான் இல்லை. பொருளைச் சுற்றியிருக்கும் பபுள் ராப்பை! 'டப்... டப்...' என்று கடைசிக் குமிழ் வரை உடைத்துத் தீர்த்த பிறகுதான், 'உள்ள என்னப்பா வந்திருக்கு?' என்ற கேள்வியே வரும்.

இதே பபுள் ராப்புக்குப் பச்சை பெயின்ட் அடித்து, பூதம் என்று டி.வி.யில் காட்டியிருக்கிறார்கள். அந்தக் கதை ரொம்பவும் பயங்கரமாக இருக்கிறது என்று ஒளிபரப்புக்கு முன்னால் ஒரு பகுதியை வெட்டியும் இருக்கிறார்கள். நம்பச் சிரமமாக இருக்கிறதா? எனக்கும் இருந்தது.

லண்டனிலிருந்து வந்த நண்பர் ஒருவர், வீட்டை ஒழித்தபோது கிடைத்தது என்று பழைய டி.வி.டி. ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடர். சனிக்கிழமை சாயங்காலம் குடும்பம் மொத்தமும் உட்கார்ந்து பார்ப்பதற்காக எடுத்த அறிவியல் புனைகதை. அதில் 1975 ஜனவரி, பிப்ரவரியில் நாலு வாரம் ஓடிய 'தி ஆர்க் இன் ஸ்பேஸ்' என்ற கதை. பரண்மேல் கிடந்த ப்ளேயரைத் தூசி தட்டி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் என் பன்னிரண்டு வயது மகளும் பார்க்க உட்கார்ந்தோம்.

கதை இதுதான். பூமி வாழ லாயக்கில்லாமல் போய்விட, மிஞ்சிய மனிதர்கள் ஒரு விண்வெளி நிலையத்தில் ஆயிரக்கணக்கான வருடங்கள் உறைந்து தூங்குகிறார்கள். தூங்கும்போது ராட்சதப் பூச்சி ஒன்று உள்ளே புகுந்துவிடுகிறது. அவர்களின் தலைவனை நோவா என்று கூப்பிடுகிறார்கள். அவன் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பூச்சியாக மாறத் தொடங்குகிறது. முதலில் ஒரு கை. யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அந்தக் கையைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு அலைகிறான். ஒரு கட்டத்தில் வெளியே எடுத்துப் பார்க்கிறான்...

என் மகள் குபீரென்று சிரித்துவிட்டாள். 'அப்பா... பபுள் ராப்ப்பா அது!'

சிரித்தாள், சிரித்தாள், சோபாவிலிருந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள். ஆனால், அடுத்தடுத்த காட்சிகளில் அந்தச் சிரிப்பு எங்கேயோ நின்றுபோனது. உள்ளே மிச்சமிருக்கும் மனிதனும் பூச்சியும் மல்லுக்கட்டுகிறார்களே, அந்த இடத்தில். 'பாவம்ப்பா அந்த ஆளு' என்றாள். தன்னைக் கொன்றுவிடும்படி அவன் கெஞ்சுவதாக எடுத்த பகுதியைத்தான், குழந்தைகள் பார்க்கும் நேரத்துக்குத் தாங்காது என்று வெட்டியிருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அவளைச் சிரிக்க வைத்தது பபுள் ராப். சிரிப்பை நிறுத்தியது, கையைப் பாக்கெட்டில் ஒளித்த அந்த நடிகரின் முகம். 'எனக்குள் ஏதோ ஆகிறது, வெளியே தெரிந்துவிடக் கூடாது' என்ற பயம். உங்களுக்கும் எனக்கும் தெரியாத பயமா அது?

*

இந்தத் தொடரின் ஜாதகமே பற்றாக்குறை ஜாதகம்தான்.

முதல் எபிசோட் ஒளிபரப்பானது 1963 நவம்பர் 23. கென்னடி சுட்டுக்கொல்லப்பட்டதற்கு மறுநாள். தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு வயது 27. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைனுக்கு 24. லக்னோவில் பிறந்தவர். ஒரு எபிசோடுக்கு பட்ஜெட் சுமார் 2,300 பவுண்டு.

காலத்தைக் கடந்து போகும் வாகனம், போகிற இடத்துக்கேற்ப உருவம் மாற வேண்டும் என்பது யோசனை. வாராவாரம் புது உருவம் செய்யக் காசு ஏது? 'உருவம் மாற்றுகிற பாகம் ரிப்பேர்' என்று கதையிலேயே எழுதிவிட்டார்கள். தெருவோரம் நிற்கிற போலீஸ் டெலிபோன் பெட்டியின் உருவத்திலேயே அது நின்றுவிட்டது. அறுபது வருடம் தாண்டியும் அதே நீலப் பெட்டிதான்!

அந்தப் பெட்டி கிளம்பும்போது ஒரு சத்தம் வருமே? பிரையன் ஹாட்ஜ்சன் என்ற ஒலிக் கலைஞர், தன் அம்மாவின் வீட்டுச் சாவியை எடுத்து ஒரு பழைய பியானோவின் கம்பிகள் மேல் கரகரவென்று இழுத்தார். அதை டேப்பில் பதிந்து, வேகத்தைக் குறைத்து, அங்கே இங்கே மாற்றினார். பிரபஞ்சம் கிழிகிற சத்தம் ரெடி.

டாலக் என்ற வில்லன்கள் இன்னும் தமாஷ். கைக்குப் பதிலாக, சிங்க் அடைத்துக்கொண்டால் அமுக்கி எடுப்போமே, அந்த ரப்பர் கிண்ணம்! உள்ளே ஓர் ஆள் உட்கார்ந்து காலால் நகர்த்த வேண்டும். முதல் கதைக்குச் செய்ய முடிந்தது நாலே நாலு. படை பெரிதாகத் தெரிய வேண்டுமே? பின்வரிசையில் டாலக்கின் போட்டோவைப் பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி நிறுத்திவிட்டார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1966-இல் வந்த 'ஸ்டார் ட்ரெக்'கில் விண்கலம் வாராவாரம் ஒரு கிரகத்தில் இறங்குவதைக் காட்டச் செலவு கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் ஆட்கள் ஒளியாகக் கரைந்து கீழே தோன்றுகிற 'டிரான்ஸ்போர்ட்டர்' பிறந்தது. உப்புச் சாடிகள்கூட டாக்டர் மெக்காயின் அறுவை சிகிச்சைக் கருவிகளாயின.

காசில்லாதவனின் தந்திரம் என்று இதைச் சொல்லலாம். எனக்கு இது ஒரு கூட்டு வியாபாரமாகத் தெரிகிறது. 'எங்களிடம் இருப்பது இவ்வளவுதான். மீதியை நீங்கள் போடுங்கள்' என்கிறார் படைப்பவர். பார்க்கிறவர் தன் கற்பனையை முதலாகப் போடுகிறார். அட்டை டாலக்குக்கு உயிர் வருகிறது. குழந்தைகள் கதையில் லாபம், ஆளுக்குப் பாதி.

*

அந்த டி.வி.டி.யை என் மகள் நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் பிரச்னை ஆரம்பித்தது. மெனுவில் ஒரு வசதி. பழைய மாடல் விண்கலக் காட்சிகளுக்குப் பதிலாக, கம்ப்யூட்டரில் புதிதாகச் செய்த காட்சிகளுடனும் கதையைப் பார்க்கலாம். டி.வி.டி. வந்த 2002-இல் சேர்த்தது. போட்டுப் பார்த்தோம். விண்வெளி நிலையம் வழவழவென்று சுற்றியது. ஆனால், உள்ளே நோவாவின் கை மட்டும் அதே பபுள் ராப்.

'கையை மட்டும் ஏம்ப்பா மாத்தல?' என்றாள்.

நல்ல கேள்வி. மாற்றலாமா, கூடாதா?

மாற்றுகிறவர்கள் நிறைய. 'ஸ்டார் ட்ரெக்'குக்கு 2006-இல் புது கம்ப்யூட்டர் காட்சிகள் போட்டார்கள். 1972-இல் வந்த 'டே ஆஃப் தி டாலக்ஸ்' கதையின் இறுதிப் போருக்குக் கையிலிருந்த டாலக்குகள் மூன்றுதான். 2011 டி.வி.டி.யில் அந்தப் படையைப் பெருக்கினார்கள். அதே வருடம், 1982 கதையான 'கிண்டா'வில் வந்த காற்றடைத்த பாம்புக்குப் பதிலாக, சீறுகிற கம்ப்யூட்டர் பாம்பு.

அவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. அன்றைக்கு வசதி இருந்திருந்தால் அந்தக் கலைஞர்களே நல்ல பாம்பைத்தானே செய்திருப்பார்கள்? அவர்கள் நினைத்ததை இன்று நாம் நிறைவேற்றுவது மரியாதைதானே? 'அந்த ரப்பர் பாம்புதான் அழகு' என்று நாம் உருகுவது, அடுத்தவன் கிழிசலை ரசிக்கிற வேலை இல்லையா? வயிறு நிறைந்தவன்தான் பழைய சோற்றின் ருசியைப் பற்றிக் கட்டுரை எழுதுவான். (இதை எழுதும்போது கொஞ்சம் உறுத்துகிறது.)

பற்றாக்குறையெல்லாம் புனிதம் என்றும் சொல்ல முடியாது. 1984 ஜனவரியில் வந்த 'வாரியர்ஸ் ஆஃப் தி டீப்' கதையில் மிர்க்கா என்று ஒரு கடல் பூதம். உள்ளே இரண்டு பேர், முன்னங்கால் ஒருவர், பின்னங்கால் ஒருவர். பொய்க்கால் குதிரை மாதிரி. முந்தைய வருடம் பிரிட்டனில் பொதுத்தேர்தல் வந்ததில் ஸ்டூடியோ தேதிகள் குழம்பி, பூதத்தைச் செய்ய நேரமில்லாமல் போனது. பெயின்ட் காய்வதற்குள் படப்பிடிப்பு! பளிச்சென்ற வெளிச்சத்தில் அது தள்ளாடி வந்தபோது எந்தக் கற்பனையாலும் முட்டுக்கொடுக்க முடியவில்லை. தோல்வி தோல்விதான்.

அப்படியானால், அதையாவது அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா?

நான் பி.காம். படித்தவன். முதல் வருடம் கணக்குப்பதிவியல் வாத்தியார் எங்களுக்குச் சொன்ன முதல் விஷயமே இதுதான். பேரேட்டில் தப்பான தொகையை எழுதிவிட்டால் ரப்பர் வைத்து அழிக்காதே, பிளேடால் சுரண்டாதே, தாளைக் கிழிக்காதே. தப்பு அப்படியே இருக்கட்டும். கீழே இன்றைய தேதி போட்டு ஒரு திருத்தப் பதிவு எழுது. பார்க்கிறவனுக்குத் தப்பும் தெரிய வேண்டும், திருத்தியதும் தெரிய வேண்டும், திருத்திய தேதியும் தெரிய வேண்டும். அழித்து எழுதிய கணக்கு, சரியாகவே இருந்தாலும் பொய்க்கணக்கு!

அந்த டி.வி.டி.க்காரர்கள் பேரேட்டு தர்மத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். புதியதைப் பக்கத்தில் வைத்தார்கள், பழையதை எடுத்துவிடவில்லை. 'டே ஆஃப் தி டாலக்ஸ்' இரண்டு வடிவத்திலும் உண்டு. 'ஸ்டார் ட்ரெக்' ப்ளூ-ரேயில் எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். மூன்று டாலக்கும் இருக்கின்றன, முப்பதைக் காட்டும் ஆசையும் இருக்கிறது. தப்பே இல்லை.

*

ஊருக்கு உபதேசம் சொல்லியாகிவிட்டது. என் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

அம்மா இறந்தபோது மாட்டுவதற்கு ஒரு நல்ல படம் இல்லை. தேடியதில் 1998-இல் எடுத்த குடும்பப் படம் ஒன்று கிடைத்தது. அதிலிருந்து அம்மாவை மட்டும் பெரிதாக்கச் சொல்லி ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பையன், 'சார், அம்மா கழுத்துல வெறும் மஞ்சக்கயிறுதான் இருக்கு. ஒரு செயின் போட்டுரலாமா? அதுக்குத் தனியா காசு இல்ல' என்றான்.

அக்கா பக்கத்தில் நின்றாள். 'போட்டுரச் சொல்லுடா. நாலு பேர் வந்து பாக்குற படம்' என்றாள்.

அம்மாவுக்கும் செயின் ஆசை இருந்தது. இருந்திருந்தால் போட்டுக்கொண்டுதான் நின்றிருப்பாள். டாலக் படையைப் பெருக்கியவர்கள் சொல்கிற அதே நியாயம். தலையாட்டிவிட்டேன். இரண்டு நிமிஷத்தில் அம்மா கழுத்தில் மூன்று பவுன் ஏறியது.

ரொம்ப நாள் கழித்து மகள் கேட்டாள்: 'அப்பா, அப்பத்தா போட்டிருக்கிற செயின் இப்ப யார்கிட்ட இருக்கு?'

என்ன சொல்வது? அப்பத்தாவிடம் ஒரு செயின் இருந்தது உண்மை. அந்தப் படம் எடுத்தபோது அது அடகுக்கடையில் இருந்தது. எதற்கு? அவள் மகன் பி.காம். சேர ஃபீஸ் கட்டுவதற்கு. பிறகு மீட்கவே முடியவில்லை. அந்த வெறுங்கழுத்துதான் என் படிப்புக்கான ரசீது. அந்த ரசீதைத்தான் நான் ஓசியில் அழிக்கச் சொல்லியிருக்கிறேன். அழித்து எழுதாதே என்று படித்தேனே, அதே பி.காம்.!

*

அப்படியானால் எதையுமே திருத்தக் கூடாதா? திருத்த வேண்டியது ஒன்று இருக்கிறது.

'டாக்டர் ஹூ' தொடக்க இசையை எழுதியவர் ரான் க்ரெய்னர். தாளில் இருந்ததை நாம் கேட்கிற அந்த விநோத ஒலியாக மாற்றியவர் டெலியா டெர்பிஷயர். சின்தசைசர் கைக்கு வராத காலம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாக டேப்பில் பதிந்து, வெட்டி, ஒட்டிச் செய்தார். கேட்டு அசந்துபோன க்ரெய்னர், இசையமைப்பாளர் என்று தன்னோடு அவர் பெயரும் வர வேண்டும் என்று விரும்பினார். அந்தப் பிரிவில் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை என்று பி.பி.சி. மறுத்துவிட்டது. டாலக்கை வடிவமைத்த ரேமண்ட் க்யூசிக்கும் சம்பளக்காரர்தான். பொம்மை பொம்மையாக டாலக் விற்றபோதும் அவருக்கு ராயல்டி கிடையாது.

டெலியா 2001-இல் இறந்துபோனார். 2013-இல், தொடரின் 50-ஆம் ஆண்டுச் சிறப்புக் கதையில், இசை என்ற இடத்தில் க்ரெய்னர் பெயரோடு அவர் பெயரும் திரையில் வந்தது.

இதற்குப் பெயர்தான் திருத்தப் பதிவு. ரப்பர் பாம்பால் யாருக்கும் நஷ்டம் இல்லை. விட்டுப்போன பெயர்தான் கடன். பழைய படைப்புகளைப் புதுப்பிக்கக் கையில் பணம் வந்தால், முதலில் இந்தக் கடன்களைப் பாருங்கள். நம் வீடுகளிலும் அப்படித்தான். பெரியவர்களின் ஏழ்மையை மறைக்க நாம் காட்டுகிற அக்கறையில் பாதி, அந்த ஏழ்மையில் அவர்கள் யாருக்காக என்ன செய்தார்கள் என்று எழுதி வைப்பதில் இருந்தால் போதும்.

பீரோவில் கவருக்குள் கிடந்த அந்தப் பழைய குடும்பப் படத்தை எடுத்து, சின்ன ஃப்ரேம் போட்டு, பெரிய படத்துக்குக் கீழேயே மாட்டியிருக்கிறேன். செயின் போட்ட அம்மா மேலே, போடாத அம்மா கீழே. அக்காவுக்குக் கோபம். 'ரெண்டும் எதுக்குடா? பாக்கிறவங்க கேப்பாங்க' என்கிறாள்.

கேட்கட்டும் அக்கா. அதற்குத்தான் மாட்டியிருக்கிறேன்.