யாரும் படிக்க நேராத பதிவு

ஒரு வட்டு செத்தாலும் தரவு சாகாது. பெர்க்லியில் பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் மூவரும் 1988-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் தொடங்கி, பல வட்டுகளை ஒன்றாக இணைத்துப் பயன்படுத்தும் ரெய்டு தரும் வாக்கு இதுதான். அதன் ஐந்தாம் நிலையில் தரவு பல வட்டுகளில் துண்டு துண்டாகப் பரவியிருக்கும். ஒவ்வொரு வரிசைக்கும், அதன் மற்றத் துண்டுகளிலிருந்து கணக்கிட்ட ஒரு பாரிட்டித் துண்டு உண்டு. ஏதாவது ஒரு வட்டு போனால், மிஞ்சியவற்றை வைத்துக் கணக்குப் போட்டுப் போனதை மீட்டுவிடலாம்.

மின்சாரம் போவதை இந்த வாக்கு கணக்கில் எடுக்கவில்லை. ஒரு துண்டை மாற்றும்போது பாரிட்டியையும் மாற்றியாக வேண்டும். இரண்டும் இரு வேறு வட்டுகளில் இருப்பதால் ஒரே கணத்தில் எழுதிவிட முடியாது. ஒன்று எழுதப்பட்டு மற்றது எழுதப்படாத இடைவெளியில் இயந்திரம் நின்றால், அந்த வரிசையின் பாரிட்டி பொய்யாகிவிடும். எல்லா வட்டுகளும் நலமாக இருந்தால் மறுபடி கணக்கிட்டுச் சரிசெய்யலாம். அதற்குள் ஒரு வட்டு போனால், பொய்யான பாரிட்டியிலிருந்து பொய்யான தரவு மீட்கப்படும், ஒரு பிழைச் செய்தியும் இல்லாமல். கெடுவது அன்று யாரும் தொடாத, என்றோ எழுதி மறந்த துண்டாகவும் இருக்கலாம். காப்பதற்கென்று வைத்த கணக்கே கெடுத்துவிடுகிறது. துறைக்காரர்கள் இதை ‘ரைட் ஹோல்’ என்கிறார்கள்.

மருந்து பழையது. கடைக்காரர் பேரேட்டில் ஏற்றுமுன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதுபோல, செய்யப்போவதை முதலில் வேறோர் இடத்தில் எழுதிவைப்பது. வட்டுகளை நிர்வகிக்கும் மென்பொருளான வெரிட்டாஸ் வால்யூம் மேனேஜரில், ஓடிக்கொண்டிருக்கும் வட்டுத் தொகுதிக்கே இந்தப் பதிவைச் சேர்க்கலாம்: ‘விஎக்ஸ்அசிஸ்ட்’, பிறகு ‘ஆட்லாக்’, பிறகு தொகுதியின் பெயர். ஒற்றை வரி. இத்தனை பெரிய பாதுகாப்பு இத்தனை சிறிய கட்டளையில் அடங்கியிருப்பதாலோ என்னவோ, பலர் அதை நாளைக்கு ஒத்திவைக்கிறார்கள்.

இந்தப் பதிவு, அதாவது லாக், இருக்கும் வட்டும் சாகக்கூடியதே. அது செத்தால் தொகுதி நிற்காது. பதிவில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் இன்னொரு வட்டில் இரண்டாவது லாக் வேண்டும். காவலுக்குக் காவல் என்று சிரிக்கலாம். நானானால் இரண்டையும் வைப்பேன்.

லினக்ஸுக்கு இந்தக் கவலை தாமதமாக வந்தது. கர்னல் 4.4-இல், 2016-இல், இதே வகைப் பதிவைத் தனி வட்டில் எழுதும் ஜர்னல் வந்தது. அந்த வட்டு போனால் புதிதாக ஒன்றைச் சேர்க்க ‘ஆட்-ஜர்னல்’ தெரிவு உண்டு. ஆனால் தொகுதி வாசிக்க மட்டும் என்ற நிலையில் இருக்கும்போதுதான் அது வேலை செய்யும். எழுத்தைக் காக்க முதலில் எழுத்தை நிறுத்த வேண்டும். 2017-இல், 4.12-இல், பகுதிப் பாரிட்டிப் பதிவு வந்தது. இதற்குத் தனி வட்டு வேண்டாம், தொகுதியின் வட்டுகளிலேயே இடம் பிடித்துக்கொள்ளும். எழுதும் வேகம் 30 முதல் 40 சதவீதம் வரை குறையக்கூடும் என்று கர்னல் ஆவணமே சொல்கிறது. மின்சாரம் போன கணத்தில் எழுதிக்கொண்டிருந்த தரவுக்கு இந்தப் பதிவு உறுதி தராது. ஓசையில்லாமல் கெடுவதை மட்டும் தடுக்கும்.

பேரம் நடப்பது இங்கேதான். குறைந்த வேகம் தினமும் அளவீட்டில் தெரியும், அலுவலகக் கூட்டத்தில் கேள்வியாக வரும். கெடாமல் போன தரவுக்கு அளவீடு கிடையாது. லாக் வேலை செய்யும் ஆண்டுகளில் அது ஓயாமல் எழுதப்படும், யாரும் அதைப் படிக்கமாட்டார்கள். விபத்துக்குப் பின் இயந்திரம் எழும்போது மென்பொருள் மட்டும் ஒருமுறை படித்துவிட்டு வேலையைத் தொடரும். பதிவே வேண்டாம் என்று சொல்லித் தொகுதியை உருவாக்கவும் வெரிட்டாஸில் வழி உண்டு. அப்படிச் செய்தவர் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போயிருப்பார்; வட்டு மாற்றும் இரவில் விழித்திருப்பது அடுத்து வந்தவர்.