80 டிகிரியில் எரி!

தம்பி! தங்கையே! "ரொம்பச் சூடான பிறவி" என்று யாராவது உன்னைச் சொன்னால் தலைகுனியாதே. சூடேறாத எந்திரம் படகை ஓரடிகூட நகர்த்தாது. ஒன்றை மட்டும் உன்னையே கேள்: அந்தச் சூட்டை நீ ஆள்கிறாயா, உன்னை அது ஆள்கிறதா?

காசிமேட்டிலோ நாகப்பட்டினத்திலோ ஒரு விசைப்படகின் எஞ்சின் அறைக்குள் இறங்கிப் பார். சுற்றிலும் கடல், நடுவே டீசல் எஞ்சின். சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெப்பம் கணநேரத்துக்கு 2000 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. இரும்பையே உருக்கும் சூடு! ஆனால் எஞ்சினுக்குள் ஓடும் குளிர்நீரின் கேஜ் முள்ளோ 80 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. உள்ளே ஊழித்தீ, வெளியே ஒழுங்கு. சாதிப்பவரின் இலக்கணம் இதுதான்!

உழைத்ததெல்லாம் பலனாகவில்லையே என்று புலம்புகிறாயா? டீசலின் ஆற்றலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் படகை ஓட்டுகிறது. மீதி குளிர்நீரோடும் புகையோடும் போய்விடுகிறது. அதற்காக எஞ்சின் நின்று அழுவதில்லை. வீண்சூட்டை வெளியே தள்ளிவிட்டு அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. நீயும் தள்ளு!

எஞ்சின் கிளம்பும்போது தெர்மோஸ்டாட் வழியை மூடியே வைத்திருக்கிறது. உள்ளிருக்கும் மெழுகு சூட்டில் உருகி விரியும்வரை, குளிரச்செய்யும் பாதைக்குத் தண்ணீரை விடாது. புத்தகத்தைத் திறந்த பத்தாம் நிமிடமே கைபேசியைத் தேடுகிறவனே, கேட்டாயா? சூடேறும் முன்பே குளிர்ச்சி தேடாதே!

'சூடு குறைந்தால் நல்லதுதானே' என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவோர் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் டீசல் முழுதாய் எரியாது. கரி படியும். எரியாத டீசல் ஆயிலில் கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுக்கும். எஞ்சின் சத்தமில்லாமல் தேயும். அளவு மீறிக் கொதித்தாலோ ஹெட் வளையும், கேஸ்கட் போகும், பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கோபம் உன்னை ஒரே நாளில் அழிக்கும்; சோம்பல் பத்து ஆண்டில் அழிக்கும். இரண்டுக்கும் இடம் கொடாதே!

ஊர் பேசுகிறதா? பேசட்டும்! கடல்நீரையே நேராக உள்ளே விடும் எஞ்சின்கள் உண்டு. அவற்றை 60 டிகிரியை ஒட்டியே ஓட்ட வேண்டும். சூடு கூடினால் உப்பும் சுண்ணமும் படிந்து வழியை அடைத்துவிடும். ஹீட் எக்ஸ்சேஞ்சர் வைத்த எஞ்சினிலோ உள்ளே ஓடுவது தூய குளிர்நீர். கடல்நீர் குழாய்ச் சுவருக்கு மறுபக்கமாக வந்து, சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும். எஞ்சினின் உள்ளே நுழையாது. அதனால்தான் 80 டிகிரியில் அந்த எஞ்சின் துணிந்து எரிகிறது. கண்டவர் பேச்சையெல்லாம் நெஞ்சுக்குள் விட்டவன் தன் முழுச் சூட்டில் வாழவே முடியாது. விமர்சனம் வரட்டும், உன் தலைக்கனத்தைக் குளிர்விக்கட்டும், அப்படியே போகட்டும். அதன் உப்பு உன்னை அரிக்க விடாதே!

சின்ன விஷயம் என்று எதையும் ஒதுக்காதே. கடல்நீரை இழுக்கும் பம்புக்குள் சுழல்வது உள்ளங்கையளவு ரப்பர் இம்பெல்லர். நீர் வரும் வழியை ஒரு பிளாஸ்டிக் பை அடைத்தால் போதும். இம்பெல்லர் வறண்டு சுழன்று சில நிமிடங்களில் கிழியும். நூறு குதிரைத்திறன் நடுக்கடலில் முடங்கும். உன் உறக்கம், உணவு, காலை எழும் நேரம் ஆகியவையே உன் இம்பெல்லர். எஞ்சின் கிளம்பியதும் தண்ணீர் வெளியே கொட்டுகிறதா என்று எட்டிப் பார்ப்பவரே நல்ல ஓட்டுநர். நீயும் தினமும் உன்னை எட்டிப் பார்!

ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கடற்கரையின் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. வருமானம் இல்லை, ஆனாலும் அந்த நாட்களில்தான் எஞ்சினைப் பிரித்து, கழுவி, தேய்ந்ததை மாற்றுகிறார்கள். தேர்வில் தோற்றாயா? வேலை கிடைக்கவில்லையா? இது உன் தடைக்காலம். முடங்கிக் கிடக்காதே. உன்னைப் பிரித்துப் பார், அடைப்பை நீக்கு, தேய்ந்ததை மாற்று. தடை முடியும் நாளில் முதல் படகாய்க் கிளம்பு!