வெகுமதியும் விருப்பும்

அடித்துப் பணியவைத்தல் கொடுமை என்பதை மறுப்போர் இன்று அரியர். உணவு கொடுத்துப் பணியவைத்தல் எவ்வகையில் அதனின்றும் வேறுபட்டது என வினவின், விடை கூறுதல் அத்துணை எளிதன்று. குதிரைப் பயிற்சியிற் 'கிளிக்கர்' என்னும் சிறு கருவி புகுந்தமை இவ்வினாவைக் கூர்மையாக்கியுள்ளது.

மரபுவழிக் குதிரையேற்றம் பெரிதும் மறை மீளவலியுறுத்தலின்பாற்பட்டது. குதிகால் விலாவை அழுத்துகின்றது. குதிரை நகர்ந்ததும் அழுத்தம் நீங்குகின்றது. திறமையாளனிடத்து இது மிக மென்மையாகவே நிகழலாம். ஆயினும் குதிரை கற்பது தொல்லையினின்று விடுபடும் வழியையே. கிளிக்கர் முறையிலோ, விரும்பிய செயல் நிகழும் அக்கணத்தில் ஓர் ஒலி எழுப்பப்படும். பின்னர் ஒரு துண்டு கரட் வழங்கப்படும். செயலுக்கும் உணவுக்கும் இடைப்பட்ட காலத்தை அவ்வொலி இணைக்கின்றது. ஸ்கின்னரின் மாணாக்கரான கெல்லர், மரியன் பிரேலண்ட் தம்பதியர் 1940களிற் கையாண்ட உத்தி இது. 1998இல் வெளிவந்த அலெக்சாண்ட்ரா கேர்லண்டின் நூல் குதிரையாளரிடையே இதனைப் பரப்பியது.

இங்கு ஓர் ஐயம் எழுகின்றது. ஸ்கின்னரின் ஆய்வுகூடத்துப் புறாக்கள் வழமையான எடையின் ஏறத்தாழ 80 சதவீதத்திற்குக் குறைக்கப்பட்ட பின்னரே சோதனைக்கு உட்படுத்தப்பட்டன. சவுக்கின் இடத்தைப் பசி பிடித்துக்கொண்டதெனின், மாறியது கருவி மட்டுமே, ஆதிக்கம் மாறவில்லை. எனவே வெகுமதி கொடுக்கப்படுகின்றதா என்பதனை விட, மறுத்தலுக்கு விலை உண்டா என்பதே கேட்கத்தக்கது என்பேன். வைக்கோல் நிறைந்திருக்க, கதவு திறந்திருக்க, அப்பாற் செல்லக்கூடிய குதிரை நம்மிடம் வருமாயின், அவ்வருகைக்கு ஒரு பொருள் உண்டு. பட்டினி கிடந்த குதிரையின் வருகைக்கு அப்பொருள் இல்லை.

வெகுமதியால் உயிரை எவ்வாறும் வனைந்துவிடலாம் என்ற அச்சமும் மிகையானதே. 1961இல் பிரேலண்ட் தம்பதியர் தம் தோல்விகளையே கட்டுரையாக்கினர் (ஆய்வாளரிடத்து இந்நேர்மை அரிது). நாணயங்களைப் பெட்டியில் இடப் பழக்கப்பட்ட ரக்கூன், உணவு தாமதமாவதையும் பொருட்படுத்தாது, அவற்றை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டேயிருந்தது. இயல்பு பயிற்சியை வென்றது. அஞ்சிய குதிரையும் பலவேளைகளிற் கரட்டை ஏற்பதில்லை. அம்மறுப்பு நமக்கு ஒரு செய்தி. சவுக்கைக் குதிரையால் அவ்வாறு ஏற்காது விடமுடியாது.

இனி, ஏறி அமர்ந்தபின் நிலைமை சிக்கலாகின்றது. சவாரி குதிரையின் தேவையன்று, நம் தேவை. தெருவில் லொறி எதிர்ப்படும்போது குதிரையின் சம்மதத்திற்காகக் காத்திருத்தல் இயலாது. கடிவாள வாரை இழுக்கவே வேண்டும். அதனை அன்பென்று பெயரிடாது, வலிந்து தடுத்தலென்றே ஒப்புக்கொள்ளுதல் தகும். கிளிக்கரைக் கையிலேந்துவோர் பலர் இவ்வொப்புதலைத் தவிர்க்கின்றனர்.

ஆயினும் ஏறுமுன் வினவ வழியுண்டு. ஏறுமேடையருகே தானாக வந்து நிற்கக் குதிரையைப் பழக்கலாம். நாள்தோறும் அவ்வாறு நின்ற குதிரை ஒருநாள் விலகிச் செல்லுமாயின், கரட்டை இரண்டாக்கி அழைப்பதற்கு முன், சேணத்தைக் கழற்றி அதன் முதுகைத் தடவிப் பார்த்தல் வேண்டும். அன்றைய சவாரி நடவாது போகலாம்.