பழகாத உடலும் நெடுந்தூரப் பாதையும்: தகுதி எவ்வாறு உருவாகிறது?

தகுதி வந்த பிறகே செயலில் இறங்க வேண்டுமா, செயலில் இறங்கிய பிறகுதான் தகுதி வருமா என்பது அறவியலின் பழைய கேள்விகளில் ஒன்று. சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போய்வருவதற்கு மேல் பழக்கமில்லாத ஒருவர் 200 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கும்போது இந்தக் கேள்வி அவர்முன் நேராக வந்து நிற்கிறது. பெயர் கொடுக்கும் நாளில் அவரால் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாது. கடக்கக்கூடியவராக அவர் மாற வேண்டும். அந்த மாற்றத்தில் முயற்சிக்கு எவ்வளவு இடம், துன்பத்துக்கு எவ்வளவு இடம், பலனைப் பற்றிய நினைப்புக்கு எவ்வளவு இடம் என்பவற்றை இந்திய மரபும் கிரேக்க மரபும் ஆழமாக ஆராய்ந்திருக்கின்றன.

பிரெவே என்னும் ஓட்டம்

நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் 'பிரெவே' எனப்படும் வகை இந்த ஆய்வுக்கு மிகவும் பொருந்துகிறது. 1897-ல் இத்தாலிய சைக்கிள் ஓட்டிகள் சிலர் ரோமிலிருந்து நேப்பிள்ஸ் வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டரைப் பகல் வெளிச்சம் மறைவதற்குள் கடந்தார்கள். அந்த முயற்சியிலிருந்து வளர்ந்த மரபை, அவரவர் தமக்கு இயன்ற வேகத்தில் செல்லும் ஓட்டமாக 1921 முதல் பிரான்சின் 'ஓடாக்ஸ் கிளப் பாரிசியன்' நடத்திவருகிறது. இன்று இந்தியா உட்படப் பல நாடுகளில் இதே விதிகளின்படி ஓட்டங்கள் நடக்கின்றன.

ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு கால வரம்பு உண்டு. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம், 300-க்கு 20 மணி, 400-க்கு 27 மணி, 600-க்கு 40 மணி. இவற்றுள் மிகப் புகழ்பெற்றது பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891-ல் முதன்முதலாகப் பந்தயமாக நடந்தபோது ஷார்ல் தெரோன் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரை 71 மணி 22 நிமிடத்தில் கடந்து முதலிடம் பெற்றார். இப்போது அது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதிகபட்சம் 90 மணி நேர வரம்புடன் நடக்கிறது. அதில் சேர விரும்புபவர் அதே ஆண்டில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் ஓட்டங்களை முடித்திருக்க வேண்டும்.

பிரெவேயில் முதல் இடம், இரண்டாம் இடம் என்று தரவரிசை கிடையாது. வரம்புக்குள் வந்தவர் அனைவரும் ஒரே நிலையினர். வழியிலுள்ள சோதனைச் சாவடிகளில் அட்டையில் முத்திரை பெற வேண்டும். அந்தச் சாவடிகளுக்கு வெளியே உதவி வண்டி பின்தொடரக் கூடாது. டயர் பஞ்சரானால் ஓட்டுபவரே சரிசெய்ய வேண்டும். தோற்கடிக்க எதிராளி இல்லாத இந்த ஏற்பாட்டில், ஓட்டுபவர் தம்மைத் தாமே அளந்துகொள்கிறார். அதனாலேயே இது மெய்யியல் கேள்விகளுக்கு இடம் தருகிறது.

முடிவெடுத்தல்

ஆசை தோன்றுவதற்கும் முடிவெடுப்பதற்கும் இடையே ஓர் ஆராய்ச்சி தேவை என்பதில் பல மரபுகள் ஒன்றுபடுகின்றன. ஸ்டோயிக் அறிஞர் எபிக்டீட்டஸ் தம் 'கையேட்டில்' ஒலிம்பிக்கில் வெல்ல விரும்பும் ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். அவர் முதலில், அந்தச் செயலுக்கு முன்னும் பின்னும் வருபவற்றைப் பார்க்க வேண்டும். உணவில் கட்டுப்பாடு, வெயிலிலும் குளிரிலும் பயிற்சி, மருத்துவர் சொல்லுக்குப் பணிவதுபோல் பயிற்சியாளர் சொல்லுக்குப் பணிதல், காயம், எல்லாவற்றுக்கும் பிறகு தோல்வி ஆகிய அனைத்தையும் எண்ணிப் பார்த்தும் விருப்பம் நிலைத்தால் இறங்கலாம். எண்ணாமல் இறங்குபவர் இன்று ஒன்று, நாளை வேறொன்று என்று விளையாடும் குழந்தைகளைப் போலத் திரும்பிவிடுவார் என்கிறார்.

திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் இந்த ஆராய்ச்சியை நான்காகப் பிரிக்கிறது: செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணையின் வலிமை. போர் நோக்கில் சொல்லப்பட்ட இந்தப் பகுப்பு நெடுந்தூர ஓட்டத்துக்கும் பொருந்தும். 13 மணி 30 நிமிடத்தில் உணவுக்கும் ஓய்வுக்கும் 2 மணி நேரம் போனால் மீதி நேரத்தில் மணிக்கு 17 கிலோமீட்டருக்குச் சற்று மேல் ஓட்ட வேண்டும். இது செயலின் வலிமை. இன்று எவ்வளவு தூரம் ஓட்டினால் நாளை இயல்பாக நடமாட முடிகிறது என்பது தன் வலிமை. எதிர்க்காற்று, வெயில், ஏற்றம், இரவு ஆகியவை எதிரியின் இடத்தில் நிற்கின்றன. பழுதில்லாத சைக்கிள், உடன் ஓட்டுபவர், வாரந்தோறும் விடியற்காலையில் கிளம்ப இசைவு தரும் வீட்டார் ஆகியோர் துணை. இந்த நான்கில் ஒன்றை மறந்தாலும் கணக்கு தவறும்.

அரிஸ்டாட்டில் கண்ட சுழற்சி

'நிகோமாக்கிய அறவியல்' நூலின் இரண்டாம் பகுதியில் அரிஸ்டாட்டில் ஒரு கருத்தை முன்வைக்கிறார். கட்டிக் கட்டியே கட்டடக் கலைஞர் ஆகிறார். யாழை மீட்டி மீட்டியே யாழிசைஞர் ஆகிறார். நீதியான செயல்களைச் செய்துதான் மனிதர் நீதிமான் ஆகிறார். உடனே ஒரு மறுப்பு எழுகிறது. நீதியான செயலைச் செய்பவர் ஏற்கெனவே நீதிமான்தானே? தகுதி செயலிலிருந்து வருகிறது, செயலோ தகுதியிலிருந்து வருகிறது என்றால் தொடக்கம் எங்கே?

அரிஸ்டாட்டிலின் விடை, செயலின் புறவடிவத்தையும் அதன் பின்னுள்ள நிலையையும் பிரிக்கிறது. இலக்கணம் அறியாதவரும் பிறர் சொல்லித்தரப் பிழையில்லாத சொற்றொடரை அமைக்க முடியும். ஆனால், தன் அறிவால் அமைக்கும்போதுதான் அவர் இலக்கணம் அறிந்தவர். அதுபோலவே நற்செயலும் அறிந்து, அதற்காகவே தேர்ந்து, உறுதியான நிலையிலிருந்து செய்யப்படும்போதுதான் நற்குணத்தின் செயலாகிறது. தொடக்கத்தில் செயல் சிறிதாகவும் பிறர் வழிகாட்டலிலும் நடக்கிறது. திரும்பத் திரும்பச் செய்வதால் அது செய்பவரின் இயல்பாகிறது.

புதிய ஓட்டுநரின் பயிற்சி இதே ஒழுங்கில் செல்கிறது. முதல் வாரங்களில் 20, 30 கிலோமீட்டர் போதும். வாரத்தின் மொத்தத் தூரத்தை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு என்ற அளவில் கூட்டுவது நடைமுறையில் பலரும் பின்பற்றும் வழி. அடிக்கடி ஓட்டும்போது தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. செல்களுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்களின் எண்ணிக்கை கூடுகிறது. தசைநாண்கள் தசையைவிட மெதுவாகவே வலுப்பெறுகின்றன. மூச்சும் தசையும் ஒத்துழைக்கிறதே என்று தூரத்தைத் திடீரென இரட்டிப்பாக்குபவருக்கு முழங்கால் வலி வருவதற்கு இதுவும் ஒரு காரணம். 200, 300, 400, 600 என்ற பிரெவேயின் ஏறுவரிசையும் இந்த உண்மையை ஒட்டியே அமைந்திருக்கிறது. 600-க்குத் தேவையான வலிமையைப் பெரும்பாலும் 400 கிலோமீட்டர் ஓட்டமே தருகிறது. ஒவ்வொரு படியும் அதற்கு மேலுள்ள படிக்கான ஆளை உருவாக்குகிறது.

அளவு

செயலின் வழியே தகுதி வரும் என்றால், அதிகச் செயல் அதிகத் தகுதியைத் தருமா? பதஞ்சலியின் யோக சூத்திரம் பயிற்சி வேரூன்ற மூன்று நிபந்தனைகளைச் சொல்கிறது: நீண்ட காலம், இடைவிடாமை, ஈடுபாடு. கடுமை இந்தப் பட்டியலில் இல்லை. வாரத்தில் நான்கு நாள் மிதமாக ஓட்டுபவர், மாதம் ஒருமுறை உயிரைக் கொடுத்து ஓட்டுபவரைவிட முன்னேறுகிறார் என்பதைப் பயிற்சியாளர்கள் அறிவார்கள்.

அங்குத்தர நிகாயத்தில் சோணர் என்ற துறவியின் வரலாறு வருகிறது. அளவுமீறிய முயற்சிக்குப் பிறகும் விடுதலை கிட்டாததால் அவர் இல்லறத்துக்கே திரும்பிவிடலாமா என்று எண்ணுகிறார். முன்பு வீணை வாசிப்பவராக இருந்த அவரிடம், நரம்பை மிக இறுக்கினாலோ மிகத் தளர்த்தினாலோ இசை பிறக்குமா என்று புத்தர் கேட்கிறார். இறுக்கமான முயற்சி மனக்கொந்தளிப்புக்கும் தளர்ந்த முயற்சி சோம்பலுக்கும் வழிவகுக்கும் என்று விளக்கி, முயற்சியைச் சமநிலைப்படுத்தச் சொல்கிறார். அந்தச் சமநிலைக்குப் பிறகே சோணர் தம் இலக்கை அடைகிறார்.

பகவத் கீதையின் ஆறாம் அத்தியாயம் இதை உணவுக்கும் உறக்கத்துக்கும் விரிக்கிறது. மிகுதியாக உண்பவருக்கும் உண்ணாதவருக்கும், மிகுதியாக உறங்குபவருக்கும் உறங்காதவருக்கும் யோகம் கைகூடாது என்கிறது. நெடுந்தூர ஓட்டத்தில் இதற்கு நேரடிச் சான்று உண்டு. உடல் சேமித்துவைக்கும் கிளைகோஜன் ஏறத்தாழ 400 முதல் 500 கிராம். அதிலிருந்து கிடைப்பது 2,000 கலோரி வரைதான். 200 கிலோமீட்டர் ஓட்டத்துக்கோ பல ஆயிரம் கலோரி வேண்டும். எனவே பசி எடுப்பதற்கு முன்பே, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை வாழைப்பழம், பேரீச்சை, கடலைமிட்டாய் போன்றவற்றின் வழியே உண்டுவர வேண்டும். நீரிலும் இதே அளவறிதல் வேண்டும். குறைந்தால் உடல் வறளும். உப்பில்லாத நீரை மட்டும் அளவின்றிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஆபத்தான அளவுக்குக் குறையும். ஓய்வும் பயிற்சியின் பகுதியே. உழைப்பால் தளர்ந்த தசை உறக்கத்திலும் ஓய்விலும்தான் சீரடைந்து வலுப்பெறுகிறது.

துன்பம் தவமாகுமா?

உடலை வருத்துவதிலேயே ஒரு புனிதம் இருக்கிறது என்ற எண்ணம் மதங்களிலும் விளையாட்டுகளிலும் அடிக்கடி தலைகாட்டுகிறது. திருமூலர் இதற்கு மாறான பார்வையைத் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் தருகிறார். உடம்பை இழுக்கு என்று முன்பு கருதியிருந்த தாம், அதனுள் உறுபொருள் இருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணிவருவதாகச் சொல்கிறார். அவருக்கு உடல் பேணுதல் உயிர் பேணுதலே.

இந்தப் பார்வையில் சைக்கிளின் அளவைச் சரிசெய்வதுகூட ஒரு கடமையாகிறது. சீட்டில் அமர்ந்து பெடலைக் கீழ்நிலைக்குக் கொண்டுவந்து குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சிறிதே மடங்கியிருக்கும். சீட் தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்புறமும் உயர்ந்திருந்தால் பின்புறமும் வலிக்கும். திருத்தக்கூடிய வலியைப் பொறுத்துக்கொள்வதில் பெருமை எதுவும் இல்லை.

தவிர்க்க முடியாத துன்பத்தையும் தவிர்க்க வேண்டிய துன்பத்தையும் பிரித்தறிவது இந்தப் பயிற்சியின் மிக நுட்பமான பாடம். நீண்ட ஏற்றத்தில் வரும் களைப்பும் எதிர்க்காற்றில் வரும் சலிப்பும் முதல் வகை. அவை பொறுமையைக் கேட்கின்றன. அவற்றைத் தாங்கும்போது மனம் விரிகிறது. மூட்டில் கூர்மையாக எழும் வலி, வெயிலில் வரும் தலைசுற்றல், இரவில் கண்ணைச் சொக்கும் தூக்கம் ஆகியவை இரண்டாம் வகை. அவை நிற்கச் சொல்கின்றன. தூங்கி விழும் நிலையில் சைக்கிள் ஓட்டுபவர் தம்மோடு சாலையிலுள்ள பிறரையும் ஆபத்தில் தள்ளுகிறார். அங்கே விடாமுயற்சி என்ற பெயரில் நடப்பது அறத்துக்குப் புறம்பானது. விளக்கும் ஒளி பிரதிபலிக்கும் மேலுடையும் இரவு ஓட்டத்துக்குக் கட்டாயமாக்கப்பட்டிருப்பதும் பிறர்மீதுள்ள இந்தப் பொறுப்பால்தான்.

பலன்

கடைசிக் கேள்வி பலனைப் பற்றியது. பல மாதம் தயாரானவர் 190-ஆவது கிலோமீட்டரில் நின்றுவிட்டால் அந்தத் தயாரிப்பு வீணா? உரிமை செயலில்தான், பலனில் இல்லை என்று கீதையின் இரண்டாம் அத்தியாயம் சொல்கிறது. நம் வசம் உள்ளவை, நம் வசம் இல்லாதவை என்று எபிக்டீட்டஸ் பிரிக்கிறார். மழையும் காற்றும் சாலையின் நிலையும் ஓட்டுபவர் வசத்தில் இல்லை. பயிற்சி, உதிரி டியூப், நேரத்துக்கு உண்பது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது ஆகியவை அவர் வசத்தில் உள்ளன. அவர் பொறுப்பேற்க வேண்டியது இவற்றுக்குத்தான்.

இந்தப் பற்றின்மை அலட்சியத்துக்கு இடம்தருவதில்லை. காற்றைப் போல் அலையும் மனத்தை எப்படி அடக்குவது என்று அர்ச்சுனன் கேட்டபோது, பயிற்சி, பற்றின்மை இரண்டையும் சேர்த்தே கண்ணன் விடையாகத் தருகிறான். பயிற்சியில்லாத பற்றின்மை சோம்பலாக முடியும். பற்றின்மை இல்லாத பயிற்சி, தோல்வி வந்ததும் முறிந்துவிடும். சபரிமலைக்குச் செல்பவர் 41 நாள் விரதமிருப்பதும் இதையே காட்டுகிறது. சன்னிதியில் நிற்பது சில நொடிதான். அந்த நொடிகளுக்காகக் கடைப்பிடித்த உணவும் உறக்கமும் சொல்லும் ஒழுங்குபட்டதுதான் அவரை மாற்றுகிறது. நெடுந்தூர ஓட்டத்துக்கு ஆயத்தமாகும் மாதங்களும் அத்தகையவை. அந்த மாதங்களில் உருவான உடலும் அளவறிவும், முத்திரை பெறாத அட்டையால் அழிந்துவிடுவதில்லை.

ஆக, தகுதியா செயலா என்ற கேள்விக்கு இந்த மரபுகள் சேர்ந்து தரும் விடை தெளிவானது. தகுதி முழுமையாக வரும்வரை காத்திருப்பவர் ஒருபோதும் கிளம்ப மாட்டார். அளவறியாமல் கிளம்புபவர் பாதியில் உடைவார். இன்று இயன்ற சிறு தூரத்தை ஒழுங்காக ஓட்டி, அதன்மேல் சிறிது கூட்டி, உடலைப் பேணி, பலனை அதன் இடத்தில் விடுபவரே தகுதி பெறுகிறார். புதியவராக இருப்பது இதற்குத் தடையே இல்லை; தகுதி பெற்ற ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் புதியவராகத்தான் இருந்தார்.