புரவலரும் சேக்காளியும்

நட்பைப் பற்றிப் பேசுவதற்கு நமக்கு நேரம் இருக்கிறதா என்று தோழர்கள் கேட்கக்கூடும். நிலம், கூலி, சுடுகாட்டுப் பாதை என்று தலைக்குமேல் வேலை கிடக்கும்போது, கலைஞர்கள் ஒருத்தரையொருத்தர் தாங்கிப் பிடிப்பதைப் பற்றி என்ன கட்டுரை? கேள்வி நியாயமானதுதான். ஆனால் நம்மில் எழுத ஆரம்பித்து நின்றுபோனவர்களை எண்ணிப் பார்க்கிறேன். அவர்களுக்குத் திறமை வற்றிப்போகவில்லை. எழுதினதைக் கேட்க ஆளில்லாமல் போனது. ஆகவே இது எழுத்தாளர்களின் சொந்த விஷயமல்ல. நம்ம பண்பாட்டு உழைப்பு எதை நம்பி நிற்கிறது என்கிற கேள்வி.

முதுகலைத் தமிழ் வகுப்பில் நட்பு என்றதும் எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டவர்கள் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும், பாரியும் கபிலரும், அதியமானும் ஔவையும். மூன்றிலும் ஒருத்தர் ஆள்கிறவர், இன்னொருத்தர் பாடுகிறவர். அவர்களுக்குள் அன்பு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பாரி செத்த பிறகு அவன் மகளிரைக் கூட்டிக்கொண்டு மணம் பேசி அலைந்தவர் கபிலர். அதைப் பரிசிலுக்காகச் செய்தார் என்று எவன் சொல்வான்? ஆனாலும் களஞ்சியம் உள்ளவனுக்கும் பாட்டு மட்டுமே உள்ளவனுக்கும் நடுவில் உண்டானதைத்தான் நட்பின் உச்சம் என்று நம் பெருமரபு வைத்தது. இல்லாதவனுக்கும் இல்லாதவனுக்கும் இருந்த உறவுக்கு அங்கே இடமே இல்லையா?

இருக்கிறது. ஆற்றுப்படை நூல்களைத் திரும்பப் படியுங்கள். பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணனோ, பொருநனோ, கூத்தனோ, வழியில் பசியோடு வருகிற இன்னொரு கலைஞனைப் பார்க்கிறான். 'இந்த வழியாப் போ, இன்ன ஊர்ல சோறு கிடைக்கும், இன்னாரைப் பாரு' என்கிறான். வகுப்பில் இதை வள்ளலைப் புகழும் இலக்கியம் என்று நடத்தினார்கள். சரி, புகழத்தான் பாடியிருக்கிறார்கள். ஆனா அந்தப் புகழ் எந்த வண்டியில ஏறி வருது? வயிறு காய்ந்தவன் வயிறு காய்ந்தவனுக்கு வழி சொல்கிற வண்டியிலதான். தனக்குத் தெரிந்த பாதையை அவன் பூட்டி வைக்கவில்லை. எங்க ஊர்ப் பேச்சில் இப்படிப்பட்டவனுக்குச் சேக்காளி என்று பெயர்.

எனக்கு இது ஏட்டில் படித்தது மட்டுமல்ல. நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சிற்றிதழ் நடத்தினோம். ஒருத்தனுக்கு ஒர்க்ஷாப்பில் வேலை. ஒருத்தி மருந்துக்கடையில் பில் போடுகிறவள். இன்னொருத்தன் பறைக் கலைஞன், 'இனிமே சாவுக்கு அடிக்க மாட்டேன்' என்று ஊரோடு சண்டை போட்டவன். சம்பளம் வந்த அன்றைக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய் எடுத்து வைப்போம். என் கதையைப் பெரிய பத்திரிகை ஒன்று 'கொச்சையைக் குறைத்தால் பரிசீலிக்கலாம்' என்ற குறிப்போடு திருப்பி அனுப்பியபோது, அதைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்டவர்கள் இவர்கள்தான். 'ஒரு சொல்லையும் எடுக்காத. எங்க அம்மா பேசுறது கொச்சைன்னா அந்தப் பத்திரிகை நமக்கெதுக்கு?' என்றாள் மருந்துக்கடைத் தோழி. கதை அப்படியே எங்கள் இதழில் வந்தது. இதழைத் தட்டச்சு செய்ததும் அவள்தான். அவள் பெயரை ஆசிரியர் குழுவிலேயே போட்டோம். அது ஏன் முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

எழுதுகிறவருக்கு நேரம் வேண்டும், காகிதம் வேண்டும், கேட்கிற காது வேண்டும், அச்சு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக 'நீ எழுதலாம்' என்று சொல்ல ஆள் வேண்டும். ஆதிக்க சாதி எழுத்தாளர் பலருக்கு இதெல்லாம் வீட்டு அலமாரியிலேயே இருந்தது: தாத்தாவின் புத்தகம், மாமாவின் பத்திரிகை, பெரியப்பாவின் சிபாரிசு. நமக்கு இத்தனையும் நண்பர்களிடம்தான் இருக்கிறது. அதனால் நட்பை வெறும் உணர்ச்சி என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. அது ஓர் உற்பத்திக் கருவி. கருவி என்று சொன்னால் அடுத்த கேள்வி தானாக வரும். அது யாருக்குச் சொந்தம்? வெளியிலிருந்து பணம் வந்தால் அது என்ன ஆகும்?

1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸைத் தொடங்கிய நாம்தேவ் தசால், ஜெ.வி. பவார், ராஜா தாலே எல்லாரும் எழுத்துக்காரர்கள், நண்பர்கள். பெயரை அமெரிக்கக் கறுப்பினத் தோழர்களிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 1974இல் தசாலும் தாலேயும் பிரிந்தார்கள். அந்தப் பிரிவைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. என் கேள்விக்கு இன்னும் நேராகப் பதில் சொல்வது, அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்னால் அதே கறுப்பின மக்களிடையே நடந்த ஒரு நட்பும் அதன் முறிவும்.

நியூயார்க்கின் ஹார்லெம். 1925இல் 'ஆப்பர்ச்சூனிட்டி' என்ற கறுப்பின இதழின் போட்டியில் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸும் கதைக்காரர் ஜோரா நீல் ஹர்ஸ்டனும் பரிசு பெற்றார்கள். மறு ஆண்டு, வாலஸ் தர்மனை ஆசிரியராகக் கொண்டு, இவர்களும் ஓவியர் ஆரன் டக்ளஸும் இன்னும் சிலரும் சேர்ந்து 'ஃபயர்' என்று ஓர் இதழ் கொண்டுவந்தார்கள். கறுப்பினப் பெரியவர்கள் 'வெள்ளைக்காரன் பார்த்தா என்ன நினைப்பான்' என்று மறைக்கச் சொன்னதையெல்லாம் அதில் எழுதினார்கள். ஒரே ஓர் இதழ்தான் வந்தது. விற்காத பிரதிகள் ஒரு தீவிபத்தில் எரிந்தே போயின. அச்சகக் கடனைத் தர்மன் தன் சம்பளத்திலிருந்து ஆண்டுக்கணக்கில் அடைத்தார். சிற்றிதழ் நடத்தினவர்களுக்கு இந்தக் கதை புதிதாக இருக்காது.

1927 கோடையில் ஹியூஸும் ஹர்ஸ்டனும் அலபாமாவின் மொபைல் நகரத்தில் எதேச்சையாகச் சந்தித்தார்கள். அவருடைய பழைய காரிலேயே தெற்கு மாநிலங்கள் வழியாக நியூயார்க் திரும்பினார்கள். நிறவெறிச் சட்டம் கோலோச்சிய பூமி அது. எந்தக் கடையில் சாப்பிடலாம், எங்கே தூங்கலாம் என்பதே பெரும்பாடு. அந்தப் பயணத்தில் ஜனங்களின் பாட்டையும் கதையையும் பேச்சையும் சேர்ந்து கேட்டார்கள். அப்புறம் ஹர்ஸ்டன் நாட்டார் வழக்காறுகளைச் சேகரிக்கத் தெற்கே தனியாகப் போனபோது, ஹியூஸின் கவிதைப் புத்தகத்தைக் கூலித் தொழிலாளர் முகாம்களில் வாசித்துக் காட்டினார். ஜனங்களிடமிருந்து எடுத்த நடையை ஜனங்களிடமே திருப்பிக் கொடுத்து, அவர்கள் அதை எப்படி வாங்கிக்கொண்டார்கள் என்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். எந்தப் பேராசிரியரின் விமர்சனம் இதற்கு ஈடாகும்?

இந்த இடத்தில்தான் புரவலர் வருகிறார். சார்லட் ஆஸ்குட் மேசன், பணக்கார வெள்ளைக்கார விதவை. இருவருக்கும் மாதப்பணம் கொடுத்தார். ஹர்ஸ்டனுக்கு 200 டாலர், ஹியூஸுக்கு 150. தன்னை 'ஞானத்தாய்' என்று கூப்பிடச் சொன்னார். 1927 டிசம்பரில் ஹர்ஸ்டன் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தப்படி, அவர் சேகரிக்கிற கதையும் பாட்டும் மேசனுக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் வெளியிடக்கூடாது. தன் ஜனங்களின் வாயிலிருந்து எடுத்ததைத் தானே அச்சிட முடியாது என்றால் அதற்குப் பெயர் உதவியா, குத்தகையா? கறுப்பர்கள் நாகரிகம் படாத 'ஆதிமனித'ராக இருக்கவேண்டும் என்பது மேசனின் ஆசை. அப்படி இருக்கத் தன்னால் முடியவில்லை என்று ஹியூஸ் பின்னாளில் தன் வரலாற்றில் எழுதினார். 1930இல் அந்த உறவு அறுந்தது. ஹர்ஸ்டன் இன்னும் அந்தப் பணத்தை நம்பியே இருந்தார்.

அதே 1930இல் இருவரும் சேர்ந்து 'மியூல் போன்' என்ற நாடகத்தை எழுதினார்கள். மூலக்கதை ஹர்ஸ்டன் தன் சொந்த ஊரான ஈட்டன்வில்லில் கேட்டது. இரண்டு நண்பர்கள், ஒரு பெண், ஒரு சண்டை. கோவேறு கழுதையின் எலும்பால் ஒருத்தன் இன்னொருத்தன் மண்டையில் அடித்துவிடுகிறான். தட்டச்சு செய்தவர் லூயிஸ் தாம்ப்சன் என்ற கறுப்பினப் பெண். அவருக்கும் சம்பளம் மேசனிடமிருந்துதான். தாம்ப்சனுக்கும் பங்கு உண்டு என்று ஹியூஸ் பேசியது ஹர்ஸ்டனுக்குப் பிடிக்கவில்லை என்பார்கள். ஹர்ஸ்டன் நாடகத்தைத் தன் பெயரில் மட்டும் பதிவு செய்தார். 1931 தொடக்கத்தில் கிளீவ்லாந்து நகரத்தில் ஒரு குழு அதை மேடையேற்றப் போவது ஹியூஸுக்குத் தெரிந்தது. சண்டை வெடித்தது. நாடகம் நின்றது. அது முதல்முறை மேடையேறியது 1991இல். அப்போது இருவருமே உயிரோடு இல்லை.

யார் மேல் தப்பு என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஒரு பெண், அதுவும் கறுப்பினப் பெண், தன் ஊர்க்கதை ஓர் ஆணின் பெயரில் போய்விடுமோ என்று பயந்தால் அந்தப் பயத்துக்கு வரலாறு இருக்கிறது. சேர்ந்து உட்கார்ந்து எழுதினவரின் பெயரை அழிப்பதும் அநியாயம்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள். 'ஃபயர்' இதழில் எல்லாரும் சேர்ந்து நட்டப்பட்டார்கள், அங்கே யாரும் யாரையும் திருடர் என்று சொல்லவில்லை. மூன்று பேரும் ஒரே கையை எதிர்பார்த்து நிற்க வைக்கப்பட்ட பிறகு, பக்கத்தில் நிற்பவர் போட்டியாளராகத் தெரிய ஆரம்பித்தார். புரவலர் கெட்டவராக இருக்கவேண்டும் என்றுகூட அவசியமில்லை. வரிசையில் நிற்க வைப்பதே போதும்.

அப்படியானால் முறிந்த நட்பு வீணா? மேலே கேளுங்கள். 1967இல் ஹியூஸ் தொகுத்த கறுப்பினச் சிறுகதைத் தொகுப்பில், யாருக்கும் தெரியாத ஓர் இளம்பெண்ணின் கதையைச் சேர்த்தார். அச்சில் வந்த அவளுடைய முதல் கதை அது. அந்த ஆண்டே ஹியூஸ் இறந்தார். அவள் பெயர் ஆலிஸ் வாக்கர். ஹர்ஸ்டனோ அதற்கு முன்பே, 1960இல், ஃபுளோரிடாவில் அரசு ஆதரவில்லம் ஒன்றில் செத்திருந்தார். இடையில் வீட்டு வேலைகூடப் பார்த்தவர் அவர். வசூல் பண்ணித்தான் புதைத்தார்கள், கல்லறைக்குக் கல் கிடையாது. 1973இல் இடுப்பளவு புதரில் இறங்கி அந்த இடத்தைத் தேடிப் பிடித்துக் கல் நட்டவர் இதே வாக்கர். ஊர்க்காரர்களிடம் 'நான் ஹர்ஸ்டனுக்கு மருமகள் முறை' என்று சொல்லிக்கொண்டு விசாரித்தார். 1975இல் அதைக் கட்டுரையாக எழுதினார். 1979இல் ஹர்ஸ்டனின் எழுத்துகளைத் தொகுத்து வெளியிட்டார். அடிமைக் கப்பலில் கொண்டுவரப்பட்ட ஒரு முதியவர் சொன்னதை ஹர்ஸ்டன் எழுதிய 'பராகூன்' என்ற நூலும் கடைசியில் 2018இல் வந்தது. 1931இல் பதிப்பகத்தார் அந்தப் பேச்சுமொழியை மாற்றச் சொன்னார்கள். ஹர்ஸ்டன் மாட்டேன் என்றார். எங்க மருந்துக்கடைத் தோழியும் அதைத்தானே சொன்னாள்!

ஹியூஸ் திறந்துவிட்ட கதவு வழியாக வந்தவர்தான் ஹர்ஸ்டனுக்குக் கல் நட்டார். இரண்டு பேரும் கடைசிவரை சமாதானமாகவில்லை. ஆனாலும் வழி சொல்கிற வேலை நிற்கவில்லை. நட்பின் கடன் கொடுத்தவருக்கே திருப்பி அடைக்கிற கடன் அல்ல என்று இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். ஆற்றுப்படைப் பாணன் தனக்கு வழி சொன்னவனையா தேடிப் போகிறான்? எதிரே வருகிறவனுக்குச் சொல்கிறான்.

ஆகவே தோழர்களே, சேர்ந்து வேலை செய்யும்போது பணம் வருவதற்கு முன்பே யார் பெயர், யாருக்கு என்ன பங்கு என்று பேசி எழுதி வைத்துவிடுவோம். தட்டச்சு செய்கிறவர், பறை காய்ச்சுகிறவர், கூட்டத்துக்குச் சோறு பொங்குகிறவர் பெயரும் அதில் இருக்கட்டும். அறக்கட்டளையோ ஃபெல்லோஷிப்போ வந்தால் அந்தக் காகிதத்தை எல்லாரும் பார்க்க நடுவில் வைப்போம். வாங்கக்கூடாது என்று சொல்லவில்லை. தனித்தனியாகப் போய் வரிசையில் நிற்கவேண்டாம் என்கிறேன்.

இதைப் படிக்கிற உங்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோன ஒரு சேக்காளி இருப்பார். அவர் கையெழுத்தில் நாலு கவிதை உங்கள் டிரங்குப் பெட்டியில் கிடக்கும். மூன்றாம் ஆள் மூலமாவது அவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் பெயரைப் போட்டு அச்சுக்குக் கொடுங்கள். சமாதானம் அப்புறம் வரட்டும், வராமலும் போகட்டும்.